சிவப்புக் காரும் பத்து கிலோமீட்டரும்

என் தங்கையின் கணவர் வைத்திருக்கும் சிவப்புக் கார் இரண்டு லிட்டர் டர்போ. ஈப்போவில் அவருடைய வேலையிடம் மோட்டார் சைக்கிளில் போய்விடும் தூரம்தான். அதனால் கார் பெரும்பாலும் வீட்டு முன்கூரையின் கீழ் பளபளத்தபடி நிற்கும். தங்கைக்குத் தெலுக் இந்தானுக்கு வேலை மாற்றல் வந்த அதே மாதத்தில் அவளுடைய சின்னக் காரின் கியர்பாக்ஸ் போய்விட்டது. தினமும் போய்வர அவளுக்கு ஒரு வண்டி வேண்டும். சிவப்புக் காரை விற்றுவிட்டுச் சின்னதாகப் புதிது வாங்குவதா, அதையே அவள் ஓட்டுவதா என்று பேச்சு வந்தபோது, அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அந்தச் சாலையில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடினால் கார் இருக்கும். ஓடாவிட்டால் விற்பனைக்கு.

“பதினொண்ணு புள்ளி ஆறு காட்டுது, வந்து பாரு லா,” என்று அவர் டாஷ்போர்டைத் தட்டினார்.

“அது உங்க வண்டி மீட்டரு. உங்களுக்குத்தான் சாதகமாப் பேசும். அண்ணன வரச் சொல்லுங்க.”

நான் நாளிதழ் ஒன்றில் சில ஆண்டுகள் வாகனப் பக்கம் பார்த்தவன். வேகக் கார்கள் பலவற்றை ஓட்டி, அளந்து, எழுதியிருக்கிறேன். கையேட்டில் அச்சிட்ட எண் ஒன்று, டாஷ்போர்டு சொல்வது ஒன்று, டாங்கியில் உண்மையில் குறைவது இன்னொன்று. மூன்றாவதை அறிய ஒரு வழிதான் உண்டு. டாங்கியை நிரப்பி, ஓட்டி, அதே பம்பில் திரும்ப நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுக்க வேண்டும். இரண்டு முறையும் பம்ப் ‘டக்’ என்று தானாக நிற்கும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். கூடவே ஏற்கெனவே அளந்த வண்டி ஒன்று ஓடினால், அன்றைய வெயிலும் நெரிசலும் கணக்கைக் கெடுத்தனவா என்று தெரிந்துவிடும். அதற்கு என் பழைய கார் இருந்தது. டர்போ இல்லாதது, என்ஜின் அலற அலற ஓடும் வகை. யார் ஓட்டினாலும் பதினொன்றை ஒட்டியே கொடுக்கும்.

சனிக்கிழமை காலை இரண்டு கார்களையும் ‘டக்’ வரை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். அவர் முன்னால் தனியாக. பின்னால் என் காரில் நானும் தங்கையும். கோப்பெங், கம்பார், தாப்பா என்று பழைய சாலையில் போய் பீடோரில் திரும்பினோம். அங்கிருந்து இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். ஒரு காலத்தில் அதெல்லாம் ரப்பர் பால்மரம். குலை ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் அவர் சேர்ந்தார். எதிரே சாலை காலியாகக் கிடந்தபோதும் முந்தவில்லை.

“இவரு காரு ஓட்டுறாரா, தேரு இழுக்குறாரா?” என்றாள் தங்கை. “நான் இப்படிப் போனா ஆபீஸ்ல மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேருவேன்.”

தெலுக் இந்தானில் தே தாரேக் குடித்துவிட்டு அதே வேகத்தில் திரும்பினோம்.

தவறு நடந்தது, காலையில் நிரப்பிய அதே ஈப்போ பம்பில். முன்பணம் கட்ட நான் உள்ளே போயிருந்தேன். இந்த ஊரில் பெட்ரோல் எண்ணெய் ஊற்றும்போது வண்டியைக் குலுக்குகிறவர்கள் உண்டு. உள்ளே அடைபட்ட காற்று வெளியேறினால் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. நம்பிக்கை பொய்யும் அல்ல. நான் வெளியே வந்தபோது அவர் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, இடுப்பால் காரை இடித்து இடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். பம்பில் பதினெட்டரை லிட்டர்.

“‘டக்’னு நின்னப்ப எவ்வளவு இருந்துச்சு?”

“அலாமாக்! பாக்கலையே மச்சான். கை பழக்கம் லா.”

போய்வந்த நூற்று எழுபது கிலோமீட்டரைப் பதினெட்டரையால் வகுத்தால் ஒன்பதைச் சற்றே தாண்டும். “விளம்பரம் போட்டுரலாமா?” என்று கேட்டாள் தங்கை. அவர் குழாயை மாட்டிவிட்டு மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்; அது எப்போதோ இறுகிவிட்டது. குலுக்காமல் தொடங்கிக் குலுக்கி முடித்தால் அது அளவே அல்ல என்று நான் சொன்னேன். என் கார் ‘டக்’ வரை நிரப்பியதில் வழக்கமான பதினொன்றையே கொடுத்திருந்தது. ஆக நாளின் மேல் பழி இல்லை.

தங்கை கொஞ்சம் யோசித்தாள். “சரி, இப்பக் குலுக்கித்தானே நெறச்சிருக்கு? திங்கக்கெழம நான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன். சாயங்காலம் இங்கயே வந்து இதே மாதிரி குலுக்குங்க. அதுதான் கடைசிக் கணக்கு.” எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய வழி அது.

திங்கட்கிழமை மாலை நான் பம்புக்குப் போனபோது அவர் மோட்டார் சைக்கிளில் முன்னதாகவே வந்து காத்திருந்தார். தங்கை, சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே வந்து இறங்கினாள். அவர் நிரப்பினார், இடுப்பால் இடித்தார், நிறுத்தினார். பத்தொன்பது லிட்டர். இம்முறை அளவில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒன்பதுகூட வரவில்லை.

அவர் பம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தங்கையைப் பார்த்தேன்.

“எத்தன லாரிய முந்துன?”

“எண்ணல, அண்ணே.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பழைய காருல ஒரு லாரிய முந்தணும்னா பல்லக் கடிச்சுக்கிட்டு, எதுத்தாப்புல வர்றவன கும்புட்டுக்கிட்டுப் போவேன். இதுல கால வச்சாப் போதும், லாரி பின்னாடி போயிருது.”

டர்போவின் கதையே அதுதான். மெல்ல மிதித்தால் சிக்கனம். அழுத்தினால் அதற்குரியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

“அப்ப விக்கணுமா?” என்றார் அவர், தரையைப் பார்த்து.

“எதுக்கு? என் காலு செஞ்சதுக்கு வண்டி என்ன பண்ணும்? பத்து வேணாம், எட்டே முக்கால் போதும். காரு இருக்கட்டும்.” அவர் சாவிக்காகக் கையை நீட்டினார். அவள் அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க மோட்டார்ல வாங்க.”

சாலையில் ஏறியதும் அவள் அழுத்திய அழுத்தில் புகைக்குழாய் உறுமியது. அவர் ஹெல்மெட்டை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கார் வளைவில் மறையும்வரை நின்றார்.

“கேட்டீங்களா மச்சான்? இத்தன வருசமா உள்ளயே உக்காந்திருந்தேன். வெளிய இப்படியா கேக்குது!”