நாற்பதைத் தாண்டாத கார்

எங்கள் டீசல் கார் பாலம் ஏற மாட்டேன் என்றுவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் மேடு என்று ஒன்று இருந்தால் அது ரயில்வே மேம்பாலம்தான். அதில் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அமுக்கித் தொலைத்தார். என் வீட்டுக்காரர் அன்றைக்கே பழைய கார் புரோக்கரிடம் பேசிவிட்டார்: "வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்குங்க."

எனக்கு விற்க மனசே இல்லை. நடவு வேலைக்குப் போன குடும்பத்தில் முதல் கார் அது. டீச்சர் வேலை பார்த்து நான் வாங்கியது, நானே ஓட்டுவது. போனால் மறுபடி இரண்டு பஸ் மாறித்தான் பள்ளிக்கூடம். அதைவிட, "பொம்பள ஓட்டினா இப்படித்தான்" என்று தெருவே சொல்லும். விடுவேனா? வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, பட்டுக்கோட்டைக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

அங்கே துபாயில் மெக்கானிக்காக இருந்து திரும்பிய பாய் ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டைக் கழற்றி என் முன்னால் வைத்தார். அடக் கண்றாவியே! இரண்டு விரல் நுழைய வேண்டிய ஓட்டையில் பேனாகூட நுழையாது. உள்ளே முழுக்கத் தார் மாதிரி கரி.

"யாருங்க டீச்சர் ஓட்டுறது?"

"நான்தான் பாய். நாற்பதைத் தாண்டினதே இல்ல," என்றேன் பெருமையாக. "அறுப்பு வந்தா பாதி ரோட்டுல நெல்லு காயும். ஒரு மணி நசுங்காம ஓட்டுவேன்."

பாய் சிரித்துவிட்டார். "அதாங்க வியாதியே. நல்லா மிதிச்சு ஓட்டினாத்தான் இன்ஜின் சூடாகிக் கரி சேராது. நீங்க அதை நடக்கத்தானே விட்டிருக்கீங்க!"

என் முகம் சுருங்கிப்போனது. யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாதென்று பயந்து பயந்து ஓட்டியேதான் அதன் தொண்டையை அடைத்திருக்கிறேன்.

பாய் அதை டீசலில் ஊறப்போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்குரூடிரைவரால் சுரண்டினேன். கரி அடை அடையாக விழ விழ மனசு லேசானது. சாயங்காலத்துக்குள் மாட்டி முடித்துவிட்டார்.

"இனிமே பைபாஸ்ல கொஞ்சம் மிதிங்க டீச்சர். வண்டி ஒண்ணும் கோவிச்சுக்காது."

மறுநாள் காலை வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு அதே பாலத்துக்குப் போனேன். மிதித்தேன். "மெதுவா, மெதுவா!" என்று அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தக் கத்த, வண்டி சர்ரென்று உச்சிக்கு ஏறியது. இரண்டு பக்கமும் கீழே குறுவை பச்சைப் பசேலென்று நின்றது. அப்போது பார்த்து அவர் போன் அடித்தது. புரோக்கர்.

அவர் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார். அறுபது. பிறகு என்னைப் பார்த்தார்.

"வராதீங்க," என்றார் போனில். "வண்டி வீட்டுல இல்ல. என் பொண்டாட்டி ஓட்டிக்கிட்டிருக்கா."