மூடிக்குள்ள வெச்ச பால் கவர்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மாசி மாசம். குருவிநத்தத்துல ஒரு சவுக்குத் தோப்பை அறுத்துக் கொடுக்க ஒத்துக்கிட்டிருந்தேன். மரம் அறுக்கிறதுதான் என் பொழப்பு. கையில இருந்தது செகண்ட் ஹேண்டுல வாங்கி எட்டு வருஷம் ஓட்டின பழைய மெஷின். அறுப்புக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அது மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலேட்டரை அழுத்தினா அமுங்கி நின்னுடும்.

தவளக்குப்பம் ஜங்ஷன் பக்கத்துல ஒரு பாய் சின்னதா கடை வெச்சிருந்தாரு. மரம் அறுக்கிற மெஷின், மருந்து அடிக்கிற ஸ்பிரேயர் எல்லாம் ரிப்பேர் பார்ப்பாரு. என் வயசுதான் இருக்கும், ஆனாலும் என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு. டேங்க்குக்குள்ள பெட்ரோல் இழுக்கிற டியூப் வெடிச்சிருக்குன்னு காட்டி மாத்தினாரு. பில்டரை மாத்தினாரு, கார்பரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணாரு. என் கண்ணு முன்னாடியே கால் மணி நேரம் ஓட்டிக் காட்டினாரு. அம்சமா ஓடுச்சு.

"அண்ணே, டேங்க் மூடி பழசாயிடுச்சு, சாய்ச்சா லேசா கசியும். புதுசு சொல்லி வைக்கிறேன். வர்ற வரைக்கும் அப்படியே ஓட்டுங்க"ன்னாரு.

சரின்னு பைக்ல வெச்சு எடுத்துட்டு வந்தேன். வூடு வந்து சேர்றதுக்குள்ள லுங்கியெல்லாம் பெட்ரோல். "இன்னா இது, வூடு பூரா நாத்தம்?"னு பொண்டாட்டி கத்த ஆரம்பிச்சுட்டா. நமக்குத்தான் மூளை ஜாஸ்தியாச்சே! காலி பால் கவரை வட்டமா வெட்டி, மூடிக்கு உள்பக்கம் வெச்சு இறுக்கித் திருகினேன். சாய்ச்சுப் பார்த்தேன், ஒரு சொட்டு கசியல. புது மூடியே வேணாம்போலன்னு எனக்குள்ள ஒரே பெருமை.

மறுநாள் தோப்புல மூணாவது மரம் பாதியில இருக்கும்போது மெஷின் மூச்சு திணறி நின்னுடுச்சு. பத்து நிமிஷம் விட்டுக் கயிறை இழுத்தா ஓடுச்சு. அப்புறம் மறுபடியும் பாதி மரத்துல நின்னுச்சு. கட்டு கட்ட வந்த ஆளுங்க எல்லாம் சும்மா உக்காந்துட்டாங்க. லாரி ரோட்டுல காத்துக்கினு நிக்குது. "ஓடாத மெஷினை வெச்சிக்கினு இன்னாத்துக்குய்யா ஒத்துக்கின?"ன்னு தோப்புக்காரரு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு. எனக்கு மானமே போச்சு. அப்ப பக்கத்துல நின்ன ஒருத்தன், "ஒரிஜினல் கார்பரேட்டரை எடுத்துக்கினு டூப்ளிகேட்டைப் போட்டு வுட்டிருப்பான்பா"ன்னான்.

எனக்கு அந்த ஒரு பேச்சு போதும். பாகூர் சுத்து வட்டார விவசாயிங்க, மரம் அறுக்கிறவங்க எல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு. தோப்புல நின்னுக்கிட்டே அதுல பேசி அனுப்பினேன். கடை எங்க இருக்குன்னு சொல்லி, அவன் திருடன், பார்ட்டைக் கழட்டிக்கிறான், யாரும் போகாதீங்கன்னேன். அப்பவும் ஆத்திரம் அடங்கல, மெஷினைத் தூக்கிக்கிட்டு நேரா கடைக்கே போயிட்டேன்.

நாலஞ்சு பேரு நின்னாங்க. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவரு மெஷினையே பார்த்தாரு. "அண்ணே, அந்த டேங்க் மூடியை ஒரு தடவை திறந்து பார்த்துடறேன்"னு கையை நீட்டினாரு. "கை வைக்காதடா!"ன்னேன். அதுக்கு முன்னாடி அவரை நான் டா போட்டதே இல்ல. நீட்டின கையை இழுத்துக்கிட்டாரு.

பழைய மெஷினைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கி அறுப்பை முடிச்சேன். நான் பேசினது குரூப் குரூப்பாப் போச்சு. போகப் போக நான் சொல்லாததெல்லாம் சேர்ந்துக்கிச்சு. அவரோட மதத்தை இழுத்து அசிங்கமா எழுதினாங்க. நான் படிச்சேன். அப்படியெல்லாம் எழுதாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லல. மூணு மாசத்துல அவரு கடையைக் காலி பண்ணிட்டாரு, அந்த இடத்துல வேற யாரோ கடை போட்டு செல்போன் கவர் தொங்குச்சு. அதைப் பார்த்தப்பக்கூட எனக்கு உறுத்தல, நல்லா வேணும்னுதான் நினைச்சேன்.

ஐப்பசியில காத்தடிச்சு எங்க தெருவுல வேப்பமரம் சாஞ்சுது. புது மெஷின்ல செயின் அறுந்து கிடந்ததால பரண்ல இருந்ததை எடுத்து, தொடச்சு, புது பெட்ரோல் ஊத்தினேன். ஓடுச்சு, அதே மாதிரி கொஞ்ச நேரத்துல திணறி நின்னுச்சு. பெட்ரோல் இருக்கான்னு பார்க்க மூடியைத் திருகினேன். உஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு. மூடிட்டு இழுத்தா உடனே ஓடுது. மறுபடி நின்னுச்சு, திருகினேன், மறுபடி உஸ்ஸு. அப்பதான் மூடியைக் கழட்டித் திருப்பிப் பார்த்தேன். நான் வெட்டி வெச்ச பால் கவர், சுருங்கிப் போய் உள்ளயே ஒட்டிக்கிட்டிருந்துச்சு. மூடியில ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கார்பரேட்டருக்குப் போகும். அந்த ஓட்டையை அடைச்சுட்டு, ஊரான் மேல பழியைப் போட்டிருக்கேன். ஊர்ல இருக்கிற எல்லார் மேலயும் சந்தேகம் வந்துச்சு, என் கைவேலை மேல மட்டும் வரவே இல்ல.

விசாரிச்சுத் தேடினேன். வில்லியனூர்ல ஒரு பட்டறையில சம்பளத்துக்கு வேலை பார்த்துட்டிருந்தாரு. "வாங்க சார்"னாரு. அந்த சார் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. கொண்டு போன மெஷினைக் கீழ வெச்சுட்டு, பால் கவரை எடுத்து அவர் கையில கொடுத்தேன். மன்னிச்சுக்கோங்கன்னேன். அவரு அதைப் புரட்டிப் பார்த்தாரு.

"அன்னிக்கு இதைத்தான் பார்க்கலாம்னு கேட்டேன் சார்."

அவ்வளவுதான். உள்ள போய் ஒரு டப்பாவைக் கிளறி, பிரிக்காத பாக்கெட் ஒண்ணைக் கொண்டு வந்தாரு. அதுல புது மூடி. நான் சண்டை போட்டுட்டு வந்த மறு வாரமே எனக்காக வந்ததாம். கடையைக் காலி பண்ணும்போதும் அதைத் தூக்கிப் போடாம எடுத்து வெச்சிருக்காரு. என் மெஷின்ல திருகிக் கொடுத்துட்டு, பாதியில விட்ட வேலையைப் பார்க்கப் போயிட்டாரு. என் மூஞ்சியை அதுக்கப்புறம் நிமிர்ந்து பார்க்கல.

அன்னிக்கு சாயங்காலமே அதே குரூப்ல, தப்பு என்மேலதான்னு பேசி அனுப்பினேன். ரெண்டு பேரு கட்டைவிரல் போட்டாங்க. அதுக்குக் கீழயே ஒருத்தரு நெல் வெலை கேட்டாரு, பேச்சு அப்படியே மாறிப்போச்சு. ஆனா பழைய பேச்சு மட்டும் இன்னும் சுத்துது. போன மாசம்கூட யாரோ ஒருத்தரு, ஜாக்கிரதையா இருங்கன்னு எனக்கே அனுப்பினாரு, அதுல கேட்டது என் குரல்தான்.

மெஷின் இப்ப ஒரு தடவைகூட நிக்கிறதில்ல. ஆனா பெட்ரோல் ஊத்த அந்த மூடியில கை வைக்கும்போதெல்லாம், அன்னிக்கு அவரு கையை நீட்டினப்ப ஒரே ஒரு நிமிஷம் இதைத் திறக்க விட்டிருந்தா அந்த மனுஷனோட கடை இன்னிக்கும் இருந்திருக்கும்னு தோணுது.