பரமேஸ்வரி அக்காவும் புக்கெகோஹிக் காற்றும்

செவ்வாய்க்கிழமை காலை பரமேஸ்வரி அக்காவின் மகன் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான். அவருக்கும் சேர்த்து நான் போட்டிருந்த தேநீர் மேசையில் ஆறிப்போயிற்று.

யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞராக இருந்தவர், ஆக்லாந்தில் எங்கள் சட்ட அலுவலகத்தில் மேல்முறையீட்டுத் தாள்களைத் தயாரித்தார். கோலாலம்பூரிலிருந்து வந்த நான் தட்டச்சு செய்தேன். அந்தக் காலத்தில் நியூசிலாந்து வழக்குகளின் கடைசி மேல்முறையீடு லண்டன் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே அமரும் ஒவ்வொரு நீதிபதிக்கும் அக்கா ஓர் அட்டை வைத்திருந்தார். பிறந்த ஊர், படித்த பள்ளி, அப்பாவின் தொழில் எல்லாம் இருக்கும். கல்யாணத் தரகரே தோற்றுப்போவார். கேலி செய்தால், "பிறந்த ஊரை வாசலிலை கழட்டி வைச்சிட்டு ஆரும் நீதி சொல்ல வாறேல்லை, தம்பி" என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோவிந்தனின் வழக்கு வந்தது. ஃபிஜியிலிருந்து வந்து, ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் காய்கறி பயிரிட்டவர். பக்கத்துத் தோட்டத்தில் உயரமாக வளர்ந்த மரவேலி தன் நாற்றுகளுக்கு வெயில் விடவில்லை, அதை வெட்ட வேண்டும் என்றார். இங்கே தோற்றுவிட்டார். லண்டனிலும் தோற்றால் தோட்டத்தை விற்க வேண்டியதுதான். ஐந்து நீதிபதிகளில் ஒருவர் நியூசிலாந்துக்காரர் என்று தெரிந்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கடை ஆள் இருக்கிறார், பயப்படாதேங்கோ" என்று கோவிந்தனுக்கு வாக்கே கொடுத்துவிட்டார்.

தீர்ப்பு வந்தது. பிரிட்டிஷ் நீதிபதிகள் நால்வரும் கோவிந்தன் பக்கம். எதிர்த்து எழுதிய ஒரே ஆள், எங்கள் ஆள். அந்த ஊர்க் காற்றில் வேலி அழகுக்காக நிற்பதில்லை, பயிருக்குக் காவல் நிற்கிறது என்று எழுதியிருந்தார். அன்று அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வேலி விழுந்தது. அந்த வசந்தக் காற்றில் கோவிந்தனின் நாற்றில் பாதி சாய்ந்துவிட்டது. அலுவலகத்துக்கு வந்து, "அம்மா, நான் ஜெயிச்சிட்டேன், செடி தோத்துடுச்சு" என்றார். சிரித்துவிட்டோம். அக்கா மட்டும் சட்டென்று நிறுத்தினார்.

"தீர்ப்பிலை ஊர் வரும் எண்டது சரி. ஆனா ஊர்க்காரனுக்காக வரும் எண்டு நினைச்சன். அது காற்றுக்காக வந்திருக்கு."

அந்த நீதிபதியின் அட்டையில் பள்ளிப் பெயரை அடித்துவிட்டு, 'காற்றை அறிந்தவர்' என்று எழுதினார். அந்தச் சனிக்கிழமையே கோவிந்தனை அழைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனார். வெயிலையும் மறைக்காமல் காற்றையும் விடாமல், இடுப்பளவு வேலி ஒன்றைத் தோட்டக்காரர்கள் இருவருமே சேர்ந்து நட்டார்கள். தோட்டம் தப்பியது.

நேற்று ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் இறுதிச் சடங்கு. அந்த வேலியிலிருந்து வெட்டிய ஒரு கிளையைக் கோவிந்தனும் பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து கொண்டுவந்து அக்காவின் காலடியில் வைத்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

போய் வாருங்கள், அக்கா. அங்கே கணக்குப் பார்த்துத் தீர்ப்பெழுதுகிறவர் எந்த ஊர்க்காரர் என்று விசாரிக்காமல் நீங்கள் உட்காரப் போவதில்லை.