இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே

நாகலூரில் காபிப்பழம் காயும் நாட்களில் பக்கத்து வீட்டு அக்கா களத்தை விட்டு நகர மாட்டாள். மலையில் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? மூட்டு வலியோடு அவள் வெயிலில் உட்கார்ந்திருப்பது பொறுக்காமல், வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் நான் பெரிய மனிதனாகக் கிளம்பினேன். மேட்டு எஸ்டேட்டில் ஒரு மழைக் கருவியை வைத்தேன். அங்கே தூறல் விழுந்ததும் அக்காவின் செல்லுக்கு மெசேஜ் வரும். மழை கீழே இறங்குவதற்குள் தார்ப்பாயை இழுத்து மூடிவிடலாம்.

"நீங்க உள்ள போய்ப் படுங்கக்கா. அது பாத்துக்கும்" என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மெசேஜ் ஆபீஸ் நோட்டீஸ் போல இருந்ததால், அக்காவிடமே கேட்டு அவள் பேச்சில் எழுதலாம் என்று பழைய வாசகத்தை அழித்தேன். சரியான மெசேஜ்தான் போகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் ஸ்கிரிப்டிலும், தேட வேண்டிய சொற்களை எழுதும் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே காலியாக விட்டேன். பழக்க தோஷத்தில் ஒருமுறை ஓட்டினேன். பாஸ் என்று பச்சையாக வந்தது. பச்சையைப் பார்த்ததும் எல்லாம் மறந்து, அப்படியே கருவியில் ஏற்றிவிட்டேன்.

தேட ஒன்றும் கொடுக்காவிட்டால் ஸ்கிரிப்ட் எதைக் கண்டாலும் கிடைத்துவிட்டது என்றுதான் சொல்லும். வெறும் மெசேஜைக் கண்டாலும் சொல்லும். ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே நடத்திய பாடம் இது.

அந்த வாரமே மழை பிடித்தது. செல் ஒலித்திருக்கிறது, திறந்தால் ஒன்றுமில்லை. ஏதோ விளம்பரம் என்று அக்கா திரும்பிப் படுத்துவிட்டாள். நான் ஓடிப்போனபோது கொட்டும் மழையில் பழத்தைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்து விளைச்சல். பூசணம் பிடித்துப் பாதி பாழானது.

"ஏங்கண்ணு, மெசேஜு வந்துச்சு, உள்ள ஒண்ணுமே இல்லையே. நீ பாத்தியா சாமி?"

"டெஸ்ட்டு பாஸ் ஆச்சுங்கக்கா" என்றேன். வெட்கக்கேடு.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சாய்கோடுகளுக்கு நடுவே தேட வேண்டிய சொல்லை நிரப்பிவிட்டு, வேண்டுமென்றே வெறும் மெசேஜை அனுப்பி, டெஸ்ட் ஃபெயில் ஆவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேன். வாசகத்தையும் அப்போதுதான் அவளிடம் கேட்டேன்.

"மழ வருது, வெரசா மூடுங்கன்னு போடு கண்ணு" என்றாள், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் தேவலை.

அடுத்து மேட்டில் தூறியபோது மெசேஜ் முழுசாகப் போனது. கைகொடுக்கலாம் என்று ஓடினேன். களம் ஏற்கெனவே மூடியிருந்தது. ஓரத்தில் அக்கா முட்டியை நீவியபடி உட்கார்ந்திருந்தாள்.

"மெசேஜு வந்துச்சுங்களாக்கா?"

"செல்லு உள்ள கெடக்குது கண்ணு" என்றாள், வானத்தைப் பார்த்தபடியே.