மலையேறிய மஞ்சள் பனியன்கள்

இறுதி ஆட்டத்தை ஃபோனில் பார்த்தபடி கடையில் நான், என் மனைவி, பனியன்களைக் கடனுக்குத் தந்த பொதட்டூர்பேட்டை வியாபாரி ஆகிய மூவர் இருந்தோம். நம் அணியின் மஞ்சள் பனியன் நாற்பது, ஒன்றுக்கு அவருக்குத் தரவேண்டியது நூற்று எண்பது ரூபாய். தோற்றுவிட்டால் யார் வாங்குவார்கள் என்று எனக்கு ஒரே பயம்.

மூன்று ஓவர் மீதியிருக்கையில் மலைக்கோயிலுக்குப் போகும் காவடிக் கூட்டமொன்று மஞ்சளைப் பார்த்து நின்றது.

"முதுகுல இன்னாங்க நம்பரு?" என்றார் ஒருவர்.

"முருகன் நம்பரா பார்க்கப் போறாரு? நூத்தி இருபது குடுங்க, போதும்," என்றேன். அத்தனையும் போயின.

"இன்னும் ஆடிக்கினுதான கீறாங்க," என்றார் வியாபாரி.

ஜெயித்துவிட்டார்கள். கால்மணி நேரத்தில் கடை வாசலில் கூட்டம், இருநூற்றைம்பது தருவதாக.

"எல்லாம் மலையேறிடுச்சுப்பா," என்றாள் மனைவி.

விற்ற பணம் முழுவதையும் வியாபாரியிடம் கொடுத்தேன். இன்னும் இரண்டாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி.