மைக்கோலுக்குள் தங்கம்

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீட்டுக் கொல்லையில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது விரல் நீளத்துக்கு ஒரு கம்பி கிடைத்தது. பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இரண்டு முனையிலும் மிளகளவு குமிழ். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பெங்களூரில் ஒரு அருங்காட்சியகத்தில் நான் காவலாளி. பதினோரு வருஷமாக நான் காவல் நிற்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இதே மாதிரி கோல்கள் இருக்கின்றன. அந்தக் காலத்துப் பெண்கள் மை குழைத்துக் கண்ணில் தீட்டிய செம்புக் கோல்கள். குமிழ்தான் அடையாளம். அது இல்லாவிட்டால் கண்ணைக் குத்திவிடும்.

முழுசாகக் கொண்டுபோய் எங்கள் அதிகாரி கையில் கொடுக்க ஆசைப்பட்டேன். எனக்கும் ஏதோ தெரியும் என்று அவர் ஒரு நாளாவது நினைக்கட்டுமே.

அதற்குள் என் மனைவியின் அண்ணன் வந்துவிட்டார். எங்கள் ஊரில் மண்ணிலிருந்து எது வந்தாலும் தங்கம்தான். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நிபுணர்கள் மட்டும் குறையவில்லை. ஐந்து பென்ஷன்காரர்கள் கொல்லையில் கூடினார்கள். ஒருவர் கடித்துப் பார்த்தார். ஒருவர் முகர்ந்து பார்த்து, சுரங்கத்தின் எந்த ஆழத்து லெவலில் இருந்து வந்தது என்றுகூடச் சொன்னார். ஒருவர் உரைகல் கொண்டுவந்து தேய்த்தார். கோடு செம்பு நிறத்தில் விழுந்தது.

மை வைக்கிற குச்சி மாதிரி இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன்.

"இன்னா மாப்ள, நீ மேல நிக்கிறவன். நாங்க அண்டர்கிரவுண்ட்ல பொழச்சவங்க. கல்லுக்குள்ள இருந்த தங்கம் வெளிய தெரிஞ்சிதா?" என்றார் மச்சான்.

எல்லோரும் தலையாட்டினார்கள். வெள்ளைக் கல்லை உடைத்து, பொடித்து, கழுவித் தங்கம் எடுத்த கைகள் அவை. முனை இப்படி வீங்கியிருக்கிறது என்றால் சரக்கு அங்கேதான் இருக்கிறதாம். அரம் வந்தது.

சமையலறை வாசலில் இருந்து என் மனைவி கேட்டாள். "அண்ணா, அது கண்ணுக்குத் தீட்டறதுன்னு அவரு சொல்றாரு இல்ல?"

"கண்ணுல தீட்டறதுக்கு எவன் இவ்ளோ ஆழத்துல பொதைப்பான்?"

அந்த நேரத்தில் நான் கையை நீட்டிப் பிடுங்கியிருக்கலாம். குமிழ் இரண்டும் அப்போது முழுசாக இருந்தன. நான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவியதுதான்.

இரண்டு குமிழையும் அராவி, பொடியைத் தட்டில் போட்டு, தண்ணீர் விட்டுச் சுழற்றினார்கள். சிவப்புத் தூள்தான் மிஞ்சியது. தங்கம் இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சரியாகச் சுழற்றத் தெரியாமல் யார் அதைத் தண்ணீரோடு ஓட விட்டது என்று சாயங்காலம் வரை சண்டை. போகும்போது மச்சான் கம்பியை என்னிடம் நீட்டி, மை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

திங்கட்கிழமை அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார். முனை இருந்திருந்தால் மைக்கோல் என்று எழுதிவிடலாம், இப்போது இது வெறும் கம்பி என்றார். முனையில் அரம் போட்ட தடம் புதிதாக இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார்.

தெரியாது என்றேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?