சின்னம்மாவின் அரைச் சைக்கிள்

புதுக் கண்ணாடி போட்டவுடன் முதலில் என்ன தெரிந்தது என்று எங்கள் பக்கத்துச் சனத்தைக் கேட்டால், பலர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ஒரு சைக்கிள். அதுவும் முழுச் சைக்கிள் இல்லை, பாதி.

அந்தப் பாதிச் சைக்கிள் என் சின்னம்மாவின் வலது முன்கையில் இருந்தது. சின்னம்மா அம்மாவின் தங்கச்சி. கலியாணமாகாதவர், உடுவிலில் எங்களோடுதான் இருந்தார். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை. அந்த வேலையில் கையை மறைக்க வழியே கிடையாது. கண்ணாடிப் பிறேமை வந்தவரின் காதில் தன் கையாலேயே மாட்ட வேண்டும். மூக்கில் சரியாக நிற்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். காதை அழுத்தினால் கழற்றி, சூடு காட்டி வளைத்து, திரும்ப மாட்ட வேண்டும். இவ்வளவு நேரமும் அவருடைய முன்கை வந்தவரின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கும். வந்தவரோ பல வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் உலகத்தைத் தெளிவாகப் பார்க்கிறார். பச்சை குத்தியதை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும் என்று ஒருவர் திட்டம் போட்டிருந்தால்கூட இதைவிட நல்ல உத்தியோகம் கிடைத்திருக்காது.

கண்ணாடி வேலை படிக்கக் கொழும்புக்குப் போனவர் திரும்பி வந்தபோதுதான் அது கையில் இருந்தது. அம்மா அன்று முழுக்கச் சமைக்கவில்லை. அப்பா கடையில் பாண் வாங்கி வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. பாணும் சம்பலும் எனக்குப் பிடிக்குமாதலால் அந்தப் பச்சையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, ஒன்றைத் தவிர. வட்டமாக ஒரு முன்சில்லு, ஹாண்டில், அதிலிருந்து சரிந்து வரும் ஒரு கம்பி. அந்தக் கம்பி கையின் ஓரம்வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. சீற் இல்லை, பெடல் இல்லை, பின்சில்லு இல்லை. ஊசி குத்திய நோ தாங்காமல் சின்னம்மா பாதியில் எழும்பி ஓடிவந்துவிட்டார் என்று நான் முடிவுகட்டினேன்.

"மற்றச் சில்லு எங்கை?" என்று ஒருநாள் கேட்டும் பார்த்தேன்.

"அது பின்னாலை வருது, பொறு," என்றார் சின்னம்மா.

நானும் பொறுத்தேன். கொஞ்ச நாளைக்கு ஒவ்வொரு பின்னேரமும் அவர் வேலையால் வந்ததும் கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

கடையில் பிரச்சினை ஒரு பெரியவரால் வந்தது. பென்சன் எடுத்தவர், கோயில் சபையில் இருப்பவர். சின்னம்மா மாட்டிவிட்ட கண்ணாடியால் முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தார். பிறகு முதலாளியிடம் போய், "கண்ணாடி நல்லாய்த் தெரியுது தம்பி. தெரியாமலே இருந்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி நல்ல மனிதர், யாரோடும் பகைக்க விரும்பாதவர். சின்னம்மாவைக் கூப்பிட்டு, "தங்கச்சி, நான் ஒண்டும் சொல்லேல்லை, சனம் சொல்லுது," என்றார். எங்கள் ஊரில் ஒருவர் ஒன்றைச் சொல்ல விரும்பினால் அப்படித்தான் சொல்வார்.

சின்னம்மா நீட்டுக் கை வைத்த சட்டை போட்டுப் பார்த்தார். ஆளின் முகத்துக்குக் கையைத் தூக்கினால் சட்டைக்கை முழங்கைவரை வழுக்கி இறங்கியது. கடைசியில் முன்கையில் வெள்ளைப் பன்டேஜ் ஒன்றைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்.

பச்சையைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பன்டேஜைப் பார்த்தவர்கள் விடவில்லை. "என்ன பிள்ளை கைக்கு?" என்று கேளாத ஆள் இல்லை. சின்னம்மா முதல் நாள் வாய்க்கு வந்தபடி, "சுடுதண்ணி ஊத்துண்டுபோச்சு," என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அதையே சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணாடி திருத்த வந்தவர்கள் மருந்தோடு வந்தார்கள். ஒருவர் கற்றாழை கொண்டுவந்தார். ஒரு மனுசி தேங்காய் எண்ணெயில் எதையோ காய்ச்சிப் போத்தலில் கொண்டுவந்து, பூசினதா என்று கேட்கவே அடுத்த கிழமையும் வந்தார். எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டு வைத்தியசாலை போலாகிவிட்டது. இல்லாத புண்ணுக்கு வந்த எண்ணெயைப் பிறகு அப்பா முழங்காலுக்குப் பூசினார். நல்ல சுகம் என்று சொன்னார்.

இத்தனை மருந்துக்கும் புண் மாறவில்லை. எப்படி மாறும்? ஆனால் மருந்து கொடுத்தவர்கள் அதை மறக்கவில்லை. சுடுதண்ணிப் புண் இவ்வளவு நாளாய் மாறாமல் இருக்குமா என்று யோசித்தார்கள். யோசித்து, எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்துசேருகிற அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். "பிள்ளை, சீனி பாத்தனீயே?" என்று ஒருவர் நீரிழிவை நினைத்துக் கேட்டார். அடுத்தவர் கேட்கவில்லை, வெளியே போய்ச் சொன்னார். சின்னம்மாவுக்கு ஒரு கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று போனை எடுக்காமல் விட்டார்கள். ஏன் என்று அம்மாவுக்குக் கோயிலில் வைத்துத்தான் தெரியவந்தது. பெண்ணுக்குச் சீனி வருத்தமாம், கையில் புண் மாறுதில்லையாம்.

அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உள்ள வருத்தமெண்டால் மருந்து குடிக்கலாம். இல்லாத வருத்தத்துக்கு நான் என்னடி செய்ய?" என்று அழுதார்.

முதலாளிக்கும் பயம் பிடித்துவிட்டது. புண் கையால் முகத்தைத் தொடுகிறார்கள் என்று கடைக்குப் பெயர் வந்துவிடக் கூடாதே. பன்டேஜும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். கொழும்பில் லேசர் அடித்து அழிக்கிறார்களாம், அழித்துவிட்டு வந்தால் வேலை இருக்கும் என்று சொல்லிவிட்டார். அம்மா அன்றே கொழும்பில் இருக்கும் உறவுக்காரருக்குப் போன் எடுத்து எல்லாம் ஒழுங்குபடுத்தினார். சின்னம்மா "ஓம்" என்றார். சண்டை பிடிக்கவில்லை, அழவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் பன்டேஜை அவிழ்த்து, அந்த எண்ணெய்ப் போத்தல்களில் ஒன்றை எடுத்து, சில்லின் மேல் மெதுவாகப் பூசிக்கொண்டு கிணற்றடிக் கல்லில் இருப்பார். கூப்பிட்டாலும் கேட்காது. எப்போதும் என்னைப் பகிடி பண்ணுகிற ஆள் அப்படி இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கோ காரணம் தெளிவாக விளங்கியது. சைக்கிள் பாதியாக இருப்பதால்தான் இவ்வளவு கரைச்சலும். ஒரு சில்லு வைத்த சைக்கிளைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? முழுதாக்கிவிட்டால் அழிக்கச் சொல்லமாட்டார்கள்.

கொழும்பு பஸ் பின்னேரம். சின்னம்மாவின் பை மத்தியானமே வாசலுக்கு வந்துவிட்டது. அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம் நான் நீலப் பேனையோடு பக்கத்தில் போய் இருந்தேன். மற்றப் பாதியை அவருடைய கையில் கீறிக் காட்டுவதுதான் என் திட்டம். ஆனால் பேனையை வைக்க இடம் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கையில் இடமே இல்லை. கம்பி வந்து நின்ற இடத்தோடு கை முடிந்துவிட்டது. பின்சில்லைக் கீறுவதென்றால் இன்னொரு கை வேண்டும்.

என்னிடம் ஒரு கை இருந்தது. என் இடது கையில் கீறத் தொடங்கினேன். சீற், பெடல், செயின், பின்சில்லு எல்லாம் போட்டேன். சில்லுக்குள் கம்பிகளை எண்ணாமல் நிறையப் போட்டேன். பிறகு என் கையைச் சின்னம்மாவின் கையோடு ஒட்டி வைத்தேன். அவருடைய கம்பி வந்து என் கம்பியைத் தொட்டது.

சின்னம்மா எப்போது முழித்தார் என்று தெரியாது. பார்த்தபோது கண்ணைத் திறந்துகொண்டு எங்கள் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசப்போகிறார் என்று கையை இழுத்தேன். விடவில்லை, பிடித்துத் திரும்பவும் தன் கையோடு சேர்த்து வைத்தார். கனநேரம் அப்படியே இருந்தோம். எனக்குக் கை விறைத்தது.

"கரியர் போடேல்லை," என்றார் கடைசியில்.

"கரியர் என்னத்துக்கு?"

"கரியர் இல்லாட்டி பின்னாலை டபிள் வாற ஆள் எங்கை இருக்கிறது?"

பேனையை வாங்கி, என் கையில் பின்சில்லுக்கு மேலே கரியரை அவரே கீறினார். கூச்சமாக இருந்தது, சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய கண்ணிலிருந்து ஒரு துளி என் சில்லின் மேல் விழுந்தது. மை கரைந்துவிடுமே என்பதுதான் என் கவலை. அவசரமாக ஊதிக் காயவைத்தேன்.

பின்னேரம் அப்பா பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட மோட்டார்சைக்கிளை வெளியே எடுத்தார். சின்னம்மா வாசலில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப அறைக்குப் போனார். "அத்தான், எடுக்காதேங்கோ. நான் போகேல்லை," என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார்.

அடுத்த நாள் சின்னம்மா பன்டேஜ் சுற்றாத கையோடு கடைக்குப் போய் முதலாளிக்கு முன்னால் நின்றாராம். "கையிலை புண் இல்லை. சீனியும் இல்லை. சைக்கிள்தான் இருக்கு. உதோடை வேலை செய்யலாமெண்டால் செய்யிறன்," என்றாராம். முதலாளி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பின்னறையில் கண்ணாடி உரசுகிற மெஷினடியில் விட்டார். ஆட்களின் முகத்துக்குக் கிட்டப் போக விடவில்லை. சின்னம்மா அங்கே பல மாதம் இருந்தார். எண்ணெய் காய்ச்சிக் கொடுத்த மனுசிதான் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்து, "சைக்கிளோ! நான் சீனியெண்டெல்லோ கோயிலுக்கு நேத்தி வைச்சனான்," என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சனம் அவரைக் கேட்டு வரத் தொடங்கியது. சைக்கிள் பிள்ளையைக் கூப்பிடுங்கோ, அவதான் காதுக்கு நோகாமல் மாட்டுவா என்று. முகத்தைத் திருப்பியவர்களும் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். பேசிய கலியாணம் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றைச் சின்னம்மா ஏற்கவில்லை. அந்தக் கையால் அவருக்குப் போனது கொஞ்சமில்லை என்று அம்மா இன்னமும் சொல்வார்.

மற்றச் சில்லைப் பற்றி அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்த பிறகு. மயிலிட்டித் துறைமுகம் திரும்பத் திறந்த பிறகு அங்கிருந்து வந்த மீனை வெட்டிக்கொண்டிருந்தவர், தன்பாட்டில் சொல்லத் தொடங்கினார். சின்னம்மா விரும்பியவரும் மயிலிட்டி ஆளாம். யுத்தத்தால் ஊருக்குப் போக முடியாத காலத்தில் வேறிடத்தில் வாடகை வீட்டில் வளர்ந்த மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. சண்டையில் காலில் காயம், பெடல் மிதிக்க ஏலாது. ரியூசனுக்குப் போகும்போது சின்னம்மாதான் மிதிப்பாராம், அவர் பின்னால் கரியரில் இருப்பாராம். பெண் மிதிக்க ஆண் பின்னால் இருந்து போவதை ரோட்டில் நின்று சனம் பார்த்ததாம். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை. காலுக்கு வைத்தியம் என்று வெளிநாடு போனார். போவதற்கு முன் கொழும்பில் சின்னம்மாவைக் கண்டாராம். வருவேன் என்று சொன்னாராம். அம்மா மீனின் செட்டையை வெட்டி எறிந்துவிட்டு, "அவன்ரை கையிலை மற்றப் பாதி," என்றார்.

போன வருடம் எனக்கும் கண்ணாடி வந்தது. சின்னம்மாதான் மாட்டிவிட்டார். அவருக்கே இப்போது வெள்ளெழுத்து, தன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு என் காதைப் பார்த்தார். எனக்கும் முதலில் தெரிந்தது அதுதான். நிறம் மங்கி, கோடுகள் தடித்துப்போயிருந்தன. அந்தக் கம்பி மட்டும் கையின் ஓரத்தில் அதே இடத்தில் நின்றது. மற்றச் சில்லு எங்கே என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து, ஒரு மத்தியானம் இருந்தது போல என் கையோடு ஒட்டி வைத்துக்கொண்டு இருக்க வேண்டும் போல் ஆசையாக இருந்தது. கடையில் ஆட்கள் நின்றார்கள்.

பஸ் போய்விட்ட அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். சின்னம்மாவில் காட்ட முடியாத கோபத்தை அம்மா என்னில் காட்டினார். என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டுபோய், ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, என் இடது கையில் சவர்க்காரத்தைப் போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்க்கத் தொடங்கினார். முதலில் பெடல் போனது. நான் கத்தினேன். சின்னம்மா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தார். அவர் அம்மாவின் கையைப் பிடித்து நான் முன்பும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

"அக்கா, இண்டைக்கு மட்டும் அதை விடுங்கோ," என்றார்.

அம்மா பொச்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். சின்னம்மா தன் சட்டை நுனியால் என் கையை ஒற்றித் துடைத்தார். பின்சில்லும் கரியரும் அழியாமல் இருந்தன. அன்று அவர் என்னைத் தன் பக்கத்தில் படுக்கவிட்டார், என் இடது கையைப் பிடித்தபடியே படுத்திருந்தார். நான் கீறிய படம் அவ்வளவு வடிவாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பெருமையோடு நித்திரையாகிப் போனேன்.